சாயத்தின் நிறம் ஆசிட் வாளியிலேயே முடிவாகிவிடுகிறது

சாயத்தின் மேல் பழி இல்லை. நீங்கள் வாங்கிய சிவப்புச் சாயம் மூன்று தடவையும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. மாறியது, அது போய்த் தங்குவதற்கு நீங்கள் ஆசிட் வாளியில் கட்டிக்கொடுத்த இடம்.

மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லேத்தில் கடைந்த அலுமினியப் பம்பரங்களுக்கு வீட்டிலேயே அனோடைசிங் (அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி மேல்தோலை ஆக்சைடாக்கும் முறை) செய்து சிவப்பு ஏற்றுகிறீர்கள். 5 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. பேட்டரி ஆசிட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. 15 வோல்ட்டுக்கு மேல் போகாத மின் சப்ளை. தடவைக்கு ஆறு பம்பரம், 45 நிமிடம். தைக் குளிரில் காலை ஆறரை மணிக்கு, வாளி 20 டிகிரி செல்சியசில் இருந்தபோது போட்ட முதல் ஆறும் கெட்டியான குங்குமச் சிவப்பாக வந்தன. கையோடு அதே வாளியில் போட்ட அடுத்த ஆறு வெளிறிப்போயின. துடைத்தால் சிவப்பு துணிக்கு வந்துவிட்டது. "ஆசிட் குளிர்ந்திருந்தால்தான் நல்லது" என்று ஒருவர் சொல்ல, அடுத்த ஞாயிறு வாளியைச் சுற்றி ஐஸ் கொட்டி 8 டிகிரிக்கு இறக்கிச் செய்தீர்கள். ஆம்பியர் முள் 2ஐத் தாண்டவில்லை. பம்பரங்கள் சாம்பல் கலந்த ரோஜா நிறத்தோடு நின்றுவிட்டன. சாயத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தும் ஏறவில்லை. சூட்டிலும் வெளிறுகிறது, குளிரிலும் வெளிறுகிறது, அப்படியானால் எது சரி என்று கேட்கிறீர்கள்.

கண்ணுக்கு இரண்டும் வெளிறல்தான். ஆனால் காய்ச்சலும் சோகையும் எப்படி இரண்டும் ஆளைச் சோர்வாக்குமோ, அப்படி இவை இரண்டு வேறு நோய்கள். மருந்தும் வேறு. கோவையில் கணபதிப் பக்கம் ஒரு சிறு அனோடைசிங் பட்டறையில் பல ஆண்டுகள் தொட்டிக்கு முன்னால் நின்றவன் நான். அதன் பிறகு வீட்டு மாடியில் இதே போன்ற வாளியில் என் கைவேலைகளுக்குச் செய்துவருகிறேன். பட்டறைத் தொட்டியைவிட வாளிதான் வெப்பநிலையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. பெரிய தொட்டியில் சூடு மெல்ல ஏறும், நாம் கவனிக்க மாட்டோம். வாளியில் அது கண்ணெதிரே ஏறும்.

அனோடைசிங்கில் மேலே எதையும் பூசுவதில்லை. அலுமினியத்தின் மேல்தோலையே ஆக்சைடாக மாற்றுகிறோம். பம்பரத்தை நேர்முனையில் கட்டி, கந்தக அமிலத்தில் (பேட்டரி ஆசிட் அதுதான்) தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், உலோகம் மேலிருந்து உள்நோக்கி ஆக்சைடாகிக்கொண்டே போகும். அதே நேரத்தில் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைத்துக்கொண்டும் இருக்கும். வளர்வதும் கரைவதும் ஒன்றாக நடப்பதால்தான் படலம் முழுவதும் நுண்துளைகள் விழுகின்றன. அமெரிக்காவின் அல்கோவா நிறுவன ஆய்வாளர்கள் கெல்லர், ஹன்டர், ராபின்சன் மூவரும் 1953இல் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, தேன்கூடு போல அறுகோண அறைகள், ஒவ்வொரு அறையின் நடுவிலும் ஒரு துளை என்று விவரித்தார்கள். இன்றும் அந்தப் படம்தான் அடிப்படை.

வீட்டில் நாம் பயன்படுத்தும் கந்தக அமிலத்தில் துளையின் அகலம் 15 முதல் 20 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் பல ஆயிரம் கோடி துளைகள். படலம் 15 மைக்ரான், அதாவது 15,000 நானோமீட்டர், தடிமன் என்றால், ஒவ்வொரு துளையும் தன் அகலத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆழம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஒரு அடி அகலத்தில் ஆயிரம் அடிக்கு இறக்கிய ஆழ்துளைக் கிணறு. சாயம் தங்குவது இந்தக் கிணறுகளின் சுவர்களில். சுவரின் பரப்பும் கிணற்றின் ஆழமும் எவ்வளவோ, நிறத்தின் அழுத்தம் அவ்வளவு.

இப்போது வெப்பநிலைக்கு வருகிறேன். மின்சாரம் எவ்வளவு பாய்கிறதோ அவ்வளவு ஆக்சைடு வளரும். அதை ஆம்பியர்தான் முடிவு செய்கிறது. ஆனால் வளர்ந்த ஆக்சைடை அமிலம் எவ்வளவு வேகமாகக் கரைக்கிறது என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. 10 டிகிரி ஏறினால் கரையும் வேகம் இரண்டு மடங்கை ஒட்டிப் போகும். எனவே குளிர்ந்த வாளியில் துளைகள் ஒடுங்கி, சுவர்கள் தடித்து, படலம் கல் போல இறுகும். சூடான வாளியில் துளைகள் அகன்று, சுவர்கள் மெலிந்து, படலம் மிருதுவாகும். ஓரளவு மிருது சாயத்துக்கு நல்லது. அளவு மீறினால் சுவரே இடிந்துவிடும்.

உங்கள் இரண்டாவது ஆறு பம்பரங்களுக்கு நடந்தது அந்த இடிவுதான். காலையில் ஒரு தடவை வெப்பநிலை அளந்ததோடு விட்டுவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த அளவுப் பம்பரம் ஒன்றுக்குப் பரப்பு சுமார் 0.55 சதுர டெசிமீட்டர் என்று வைத்தால், ஆறுக்கு 3.3. அதற்கு 4.5 ஆம்பியர். 15 வோல்ட்டில் அது 67 வாட். 45 நிமிடத்தில் 182 கிலோஜூல். அலுமினியம் ஆக்சைடாவதே வெப்பம் உமிழும் வினை என்பதால் அதில் இன்னும் பத்தில் ஒரு பங்கு சேரும். மொத்தம் 200 கிலோஜூல் உங்கள் 5 லிட்டர் ஆசிட்டுக்குள் இறங்குகிறது. அந்த ஆசிட்டை ஒரு டிகிரி சூடாக்க 20 கிலோஜூல் போதும். ஆக, ஒரு தடவைக்கு 10 டிகிரி.

முதல் ஆறு 20இல் தொடங்கி 30இல் முடிந்திருக்கிறது. சராசரி 25. சாயம் அள்ளிப் பிடிப்பதற்கு அது கொஞ்சம் தாராளமான சூடுதான்; அதனால்தான் அந்தக் குங்குமச் சிவப்பு. அடுத்த ஆறு 30இலேயே தொடங்கி 40ஐ நெருங்கியிருக்கும். அந்தச் சூட்டில் படலம் வளர்வதற்கு ஈடாக மேலிருந்து கரைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் தடிமன் ஏறாது. மிஞ்சிய மேற்பகுதியும் பொடிப்பொடியாக இருக்கும். சாயம் அந்தப் பொடியில் ஏறும், பொடியோடு துணிக்குப் போய்விடும். கீழே மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தில் இருப்பதுதான் நீங்கள் பார்த்த வெளிறிய சிவப்பு.

இதை நான் முதன்முதலில் கையால் உணர்ந்தது ஒரு சித்திரை மாதத்தில். மாடியில் சைக்கிள் பிரேக் பிடி ஒன்றை வாளியில் விட்டிருந்தேன். வெப்பமானி 31 காட்டியது. அது வாளியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, பிரேக் பிடியோ நடுவில். எடுத்துக் கழுவியபோது பொருள் வெள்ளையாக, பார்க்கப் பால் போல அழகாகத்தான் இருந்தது. ஈரம் வடிந்ததும் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தேன். விரலில் விபூதி இட்டது போல வெண்பொடி. தேய்த்த இடத்தில் கீழே பளபளப்பு வேறு மாதிரி தெரிந்தது. அதற்குப் பிறகு வெப்பமானியைப் பொருளுக்கு அருகில், இரண்டு விரல் இடைவெளியில் பிடித்துப் பார்த்தபோது 34. வாளியின் ஓரத்துக்கும் நடுவுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம். மின்சாரம் பாயும்போது வெப்பம் பிறப்பது படலத்துக்குள்ளேயே, துளையின் அடியில். நாம் அளக்க வேண்டிய இடமும் பொருளின் பக்கம்தான்.

அந்த விரல் சோதனையை நீங்களும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் சாயத்தில் போட வேண்டிய பொருளைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சாயத்தில் அப்படியே தெரியும். பம்பரம் கடைந்த அதே அலுமினியத் தண்டில் (பாரில்) ஒரு சிறு துண்டு அறுத்து, பம்பரங்களோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். நான் அதைச் சாட்சித் துண்டு என்பேன். தேய்ப்பது, சாயத்தில் முதலில் போட்டுப் பார்ப்பது எல்லாம் அதில்.

சூட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வோல்ட்டை நிலையாக வைத்துச் செய்பவர்களுக்கு, வாளி சூடாக ஆகப் படலத்தின் தடை குறைந்து ஆம்பியர் தானாக ஏறும். ஆம்பியர் ஏறினால் வெப்பம் இன்னும் ஏறும். ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடும் சுழல் இது. கூர்முனைகளிலும் கம்பி தொடும் இடங்களிலும் முதலில் கரிந்த மாதிரிக் குழிகள் விழும். பம்பரத்தின் ஆணி முனையை அடுத்த பகுதியைப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அங்கே நிறம் கெட்டிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆம்பியரை நிலையாக வைத்துக்கொள்ளும் சப்ளை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் வாளி சூடாவது வோல்ட் இறங்குவதாகத் தெரியும். மீட்டரே வெப்பமானி வேலையும் பார்க்கும்.

அடுத்தது உங்கள் ஐஸ் வாளி. குளிர் நல்லது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு வேலைக்கு. ஹார்டு அனோடைசிங் என்று ஒன்று உண்டு. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய அமிலம், இரண்டு மடங்குக்கு மேல் ஆம்பியர், பல பத்து வோல்ட். 50 மைக்ரான் வரை தடித்து, தேய்மானத்தை எதிர்த்து நிற்கும் படலம் அதில் கிடைக்கும். பிஸ்டனுக்கும் இயந்திர உறுப்புகளுக்கும் அது வேண்டும். ஆனால் அந்தப் படலத்துக்கு இயல்பிலேயே ஒரு சாம்பல் நிறம், கலப்புலோகத்தைப் பொறுத்துக் கரும்பழுப்பு வரை கூட, வந்துவிடும். அதன் மேல் கறுப்பு ஏற்றலாம். சிவப்போ மஞ்சளோ ஏற்றினால் அழுக்குத் துணியில் சாயம் போட்டது போலத்தான் இருக்கும். சாயம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நிறம்; பின்னணி அதன் வழியே தெரியும். உங்கள் ரோஜா நிறத்தில் கலந்திருந்த சாம்பல் ஓரளவுக்கு அந்தப் பின்னணியாக இருக்கலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய காரணம் வேறு: ஆம்பியர் முள். குளிரில் அமிலத்தின் தடையும் படலத்தின் தடையும் ஏறும். அதே ஆம்பியரைத் தள்ள 20 வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். உங்கள் சப்ளை 15இல் நின்றுவிட்டது; அதனால் ஆம்பியர் 2க்கு விழுந்தது. தடிமனுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு சதுர டெசிமீட்டருக்கு எத்தனை ஆம்பியரோ, அதை நிமிடத்தால் பெருக்கி 0.3ஆல் பெருக்கினால் மைக்ரான் வரும். முதல் நாள் 4.5 ஆம்பியரில், 45 நிமிடத்தில் உங்களுக்கு 18 மைக்ரான் கிடைத்திருக்கிறது. ஐஸ் வாளியில் அதே 45 நிமிடத்துக்கு 8 மைக்ரான். ஆழம் பாதிக்கும் கீழ், அகலமும் குறைவு. கிணறும் ஆழமில்லை, சுற்றளவும் இல்லை. எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் கிணறு கொள்ளுமளவுதான் கொள்ளும்.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் ஒரு விளக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. குளிரில் துளை சிறுத்துவிடுவதால் சாயத்தின் மூலக்கூறு உள்ளே நுழைய முடியாது என்பார்கள். சாய மூலக்கூறின் அளவு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். குளிரில் உண்டான துளையும் அதைப் போலப் பல மடங்கு அகலம். நுழைய இடம் இருக்கிறது. குறைவது சுவர்ப் பரப்பும் உள்ளே நகரும் வேகமும். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நுழையவே முடியாது என்றால் பொருளைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இடம் குறைவு என்றால் இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். குளிரில் செய்த பொருளை, சாயத்தில் போடுவதற்கு முன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு 28, 30 டிகிரி சூட்டில் உள்ள அதே ஆசிட்டில் சில நிமிடம் விட்டுவைத்தால் துளைச் சுவர்கள் கொஞ்சம் கரைந்து அகலும். எத்தனை நிமிடம் என்பது படலத்தைப் பொறுத்தது. சாட்சித் துண்டுகள் மூன்றை 5, 10, 15 நிமிடம் என்று வைத்துச் சாயத்தில் போட்டுப் பாருங்கள். விடை கையில் வந்துவிடும். அதிக நேரம் வைத்தால் மறுபடி விபூதிதான்.

சரி, எத்தனை டிகிரி? சிவப்பு, நீலம், பச்சை போன்ற நிறங்களுக்கு 20 முதல் 22 டிகிரி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 1.2 முதல் 1.5 ஆம்பியர். கறுப்புக்கு நான் 23, 24 வரை விடுவேன், அதற்கு ஆழமும் அகலமும் இரண்டும் தேவை. தடிமனும் 20 மைக்ரானுக்குக் குறையாமல் வைப்பேன். வெளிர் தங்க நிறம் வேண்டுமானால் 6, 7 மைக்ரானே போதும். 26ஐத் தாண்டினால் சப்ளையை அணைத்துவிட்டு ஆற விடுவது உத்தமம். 18க்குக் கீழே சாயத்துக்காக இறக்கத் தேவையில்லை. எண்ணைவிட முக்கியம் அது தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரண்டு டிகிரிக்குள் நிற்பது. ஜோடியாக வர வேண்டிய பொருட்களை ஒரே தடவையில் போடுங்கள். இரண்டு தடவையாகப் போட்டு ஒரே நிறம் கேட்பது பட்டறையிலும் கஷ்டம்.

ஒரு வார்த்தை: உங்கள் சிவப்புக்கு 18 மைக்ரான் தேவையே இல்லை. 12 போதும், அதாவது 30 நிமிடம். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வாளிக்குள் இறங்கும் வெப்பமும் மூன்றில் ஒரு பங்கு குறையும். குளிர்விக்கும் வழியைத் தேடுவதற்கு முன்னால் தேவையில்லாத சூட்டை உண்டாக்காமல் இருப்பது மலிவு.

குளிர்விக்க ஐஸ் கட்டியை நேராக ஆசிட்டில் போடக் கூடாது. ஆசிட் நீர்த்துப்போகும், அடுத்த நாள் கணக்கெல்லாம் மாறும். வாளியைச் சுற்றிக் கொட்டினால் குளிர் பிளாஸ்டிக்கைத் தாண்டி மெதுவாக வரும், நிறுத்த நினைக்கும்போது நிற்காது. அப்படித்தான் நீங்கள் 8க்குப் போய்விட்டீர்கள். தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, ஃப்ரீசரில் உறையவைத்து, அந்தப் பாட்டிலையே ஆசிட்டுக்குள் இறக்குங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி 20 டிகிரிக்கு வருவதற்குள் 400 கிலோஜூலுக்குச் சற்று மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் ஆறு பம்பரம் 45 நிமிடத்தில் உண்டாக்கியது 200. எனவே அரை கிலோ ஐஸ் ஒரு தடவைக்குச் சரியாகப் போதும். 30 நிமிடம் என்றால் அதுவும் மிஞ்சும். கோடையில் 32 டிகிரியில் இருக்கும் வாளியை முதலில் 20க்கு இறக்க மட்டும் தனியாக இன்னொரு அரை கிலோவுக்கு மேல் வேண்டும். 20ஐத் தொட்டதும் பாட்டிலை வெளியே எடுங்கள். 22 ஆனதும் மறுபடி இறக்குங்கள். வெளியே எடுக்கும்போது ஆசிட் சொட்டும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பம்பரத்தை உரசக் கூடாது. உரசும் பக்கம் குளிர்ந்து, அந்தப் பக்கம் மட்டும் நிறம் மங்கும்.

இதோடு ஆசிட் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் போதும். குழாயின் வாய் வாளியின் அடியில் இருக்கட்டும். குமிழி பொருளை நேராக மோதாமல் ஓரமாக ஏறட்டும். அசைவு இல்லாவிட்டால் பொருளை ஒட்டிய அமிலம் சூடாகி அங்கேயே நிற்கும். நான் மேலே சொன்ன மூன்று டிகிரி வித்தியாசம் அப்படித்தான் வந்தது. பம்ப் போட்ட பிறகு ஓரத்திலும் நடுவிலும் ஒரே எண்.

முடிந்தால் 5 லிட்டர் வாளியை விட்டு 15 லிட்டருக்குப் போங்கள். அதே ஆறு பம்பரத்துக்கு 10 டிகிரி ஏறியது மூன்று டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். அதில் பாட்டில் கூடத் தேவைப்படாமல் போகலாம்.

ஆசிட் வாளியைச் சரி செய்த பிறகும் நிறத்தைக் கெடுக்கக்கூடிய சூடுகள் இன்னும் மூன்று இருக்கின்றன. முதலாவது, அலசும் தண்ணீர். மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். படலத்தைச் சூடான நீரில் அலசினால் துளையின் வாய் மூடத் தொடங்கும், சாயம் ஏறுவதற்கு முன்பே. பச்சைத் தண்ணீரில், முடிந்தால் ஆர்.ஓ. நீரில், இரண்டு மூன்று தடவை அலசுங்கள். துளைக்குள் அமிலம் மிச்சமிருந்தால் அது சாயத் தொட்டிக்குள் கசிந்து சாயத்தைக் கெடுக்கும். அதனால் அவசரப்படவும் வேண்டாம், காயவிடவும் வேண்டாம். ஈரத்தோடு சாயத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, சாயத் தொட்டி. 50 முதல் 60 டிகிரி வரை நல்லது. அந்தச் சூட்டில் சாயம் துளைக்குள் வேகமாக இறங்கும்; பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும். 70ஐத் தாண்டினால் தண்ணீரே துளையை அடைக்க ஆரம்பிக்கும். சாயம் சரியாக ஏறவில்லை என்று அடுப்பைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று: அனோடைசிங் சாயங்களில் பெரும்பாலானவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. அலுமினிய ஆக்சைடின் மேற்பரப்பு லேசான அமிலச் சூழலில் நேர்மின்னூட்டம் காட்டும். இந்த ஈர்ப்பால்தான் சாயம் சுவரில் பிடிக்கிறது. அதனால் சாயத் தொட்டியின் பிஎச் அளவு 5க்கும் 6க்கும் நடுவில் இருக்கட்டும். துணிச் சாயப் பொட்டலம் பயன்படுத்தினால், அதில் உப்போ சோடாவோ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பும் சோடாவும் அந்தச் சுவரில் சாயம் பிடிப்பதைக் கெடுக்கும்.

மூன்றாவது, சீலிங், அதாவது சாயம் ஏறிய பிறகு துளைகளை மூடுவது. இங்கே சூடு குறைவதுதான் தவறு. பொருளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பிறகு கொதிக்கவைத்தால், துளை மூடுவதற்கு முன்பே சாயம் வெளியே ஒழுகி ஓடிவிடும். தளதளவென்று கொதிக்கும் நீரில் நேராக இறக்குங்கள். காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோதான், போர் தண்ணீரில் உள்ள சிலிக்கா சீலிங்கைத் தடுக்கும். ஒரு மைக்ரானுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்ற கணக்கில் 12 மைக்ரானுக்கு அரை மணி நேரம். கொதிநீரில் சிவப்பு கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். நான் ஆவியில் வைக்கிறேன். சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய இட்லிக் குண்டானில், தட்டின் மேல் பொருளை நிறுத்தி, மூடி, அரை மணி நேரம். ஆவியில் சாயம் ஒழுகிச் செல்லத் தண்ணீர் இல்லை. மூடியில் சேரும் நீர் சொட்டாமல் இருக்க உள்பக்கம் ஒரு துணி கட்டிவிடுங்கள். சொட்டு விழுந்த இடம் புள்ளியாகத் தெரியும். பட்டறைகளில் நிக்கல் அசிடேட் கரைசலில் சீலிங் செய்வார்கள். அது நிறத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் நிக்கல் உப்புகள் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், புற்றுநோய் அபாயம் உள்ளவை. வீட்டில், அதுவும் குழந்தைகள் கையில் சுற்றப்போகும் பம்பரத்துக்கு, நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உலோகத்தைப் பற்றியும் சுருக்கமாக. 6061, 6063, 6082 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலப்புலோக வகைகள் சாயத்துக்கு நல்லவை. ஜன்னல் சட்டங்களுக்கு வருவது பெரும்பாலும் 6063. செம்பு அதிகமுள்ள 2014, 2024 வகைகளில் எந்த வெப்பநிலையிலும் நிறம் சுமார்தான். சிலிக்கான் மிகுந்த வார்ப்பு அலுமினியம் சாம்பலாகவே வரும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பாரில் எது எது கலந்திருக்கிறதோ தெரியாது. ஒரே நிறம் வேண்டுமானால் ஒரே பாரிலிருந்து கடையுங்கள். நீங்கள் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் உங்கள் கேள்விக்குத் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடிந்தது.

கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வாளியின் பக்கம் போகாதீர்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். எதிர்முனையில் ஹைட்ரஜன் வருகிறது, குமிழிகளோடு ஆசிட் பனியும் மேலே வரும். திறந்த வெளியில், பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஆசிட் சிந்தினால் முறிக்கச் சமையல் சோடா ஒரு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெளிறிய பம்பரங்களை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பொடி உதிர்ந்த ஆறையும் காஸ்டிக் சோடாக் கரைசலில் உரித்துவிட்டு மறுபடி செய்யலாம். உரிக்கும்போது சில மைக்ரான் உலோகமும் போகும். ஆணி இறுகும் துளை தளர்ந்துவிடாமல் அதை மெழுகால் அடைத்துவிட்டு உரியுங்கள். காஸ்டிக்கிலும் ஹைட்ரஜன் வரும், கரைசலும் சூடாகும், கண்ணில் பட்டால் ஆசிட்டைவிட மோசம். ரோஜா நிற ஆறையும் நீங்கள் ஏற்கெனவே சீலிங் செய்திருந்தால் அவற்றுக்கும் இதே வழிதான். செய்யாமல் விட்டிருந்தால், ஒன்றை மட்டும் எடுத்து மேலே சொன்னபடி மின்சாரம் இல்லாத ஆசிட்டில் பத்து நிமிடம் வைத்து, அலசி, மறுபடி சாயத்தில் போட்டுப் பாருங்கள். ஏறினால் மற்ற ஐந்தையும் செய்யலாம். 8 மைக்ரானில் குங்குமச் சிவப்பு வராது; ஆனால் செம்பருத்திப் பூவின் வெளிறிய ஓரம் போல ஒரு நிறம் எனக்கு இப்படி வந்திருக்கிறது, பார்க்க நன்றாகவே இருந்தது.

அடுத்த தடவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலை, வோல்ட், ஆம்பியர் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளோடு சாட்சித் துண்டின் படத்தையும் அனுப்பினால், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.